பரவால்லன்னு சொன்ன போர்வை

இனிமேல் இந்த வீட்டில் யார் எதைக் கொண்டுவந்து காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டாலும், கண்ணை மூடிக்கொண்டு "பிரமாதம்!" என்று சொல்லிவிடுவதாகத் தீர்மானம் செய்திருக்கிறேன். தீர்மானம் என்னவோ நல்ல தீர்மானம்தான். ஒரே ஒரு போர்வை அளவுக்குத் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பாதிப் பழி அதற்குப் போய்ச் சேர வேண்டும். நான் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். சூளையிலிருந்து கோப்பையும் தட்டும் வந்து வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் காட்டுவேன். விளிம்பில் கட்டைவிரலை ஓட்டுவேன். சுண்டிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்பேன். பிறகு மூன்று கூடைகளில் ஒன்றில் போடுவேன். குறையே இல்லாதது 'முதல்'. எங்கேயோ ஒரு புள்ளி, ஒரு சின்னக் கோணல் இருந்தால் 'பரவால்ல'. விரிசல் விட்டது 'உடை'. 'முதல்' கப்பலேறிப் போகும். 'உடை' குழிக்குப் போகும். 'பரவால்ல' பாதி விலைக்கு எங்களைப் போன்ற தொழிலாளிகள் வீட்டுக்கு வரும்.

ஆகவே எங்கள் வீட்டில் இருக்கிற பாத்திரம் பண்டம் அத்தனையும் பரவால்ல. ஒரு கோப்பையின் கைப்பிடி காது மடங்கினாற்போல் இருக்கும். இன்னொன்று மேசையில் நேராக நிற்காமல் சாய்ந்து சாய்ந்து நம்மையே பார்க்கும். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி அதில்தான் குடிக்கிறாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. யாராவது கேட்டால் மட்டும், "என்ன பண்றது, மாப்பிள்ளையையே எங்கப்பா அந்தக் கூடையிலேருந்துதான் எடுத்தாரு" என்பாள்.

அப்படிப்பட்டவள், மழைக்காலம் முழுக்க ஜன்னலோரம் என் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஒட்டுப்போர்வை தைத்தாள். பழைய துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிறார்களே, அது. நான் வேலையிலிருந்து வந்தால் மடியில் ஒரு மூட்டை இருக்கும். என்னைக் கண்டதும் அது அலமாரிக்குள் போய்விடும். என்ன ஏது என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. இது என் முதல் தவறு. எண்ணிக்கொண்டு வராதீர்கள், கை வலிக்கும்.

ஒரு விடுமுறை நாள், போர்வையைக் கட்டிலில் விரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"எப்படி இருக்கு?"

நான் பார்த்தேன். சும்மா பார்த்திருக்கலாம். ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் காட்டினேன். விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினேன். சுண்டியும் பார்த்தேன் என்று என் மச்சினி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அது அப்பட்டமான பொய். தட்டித்தான் பார்த்தேன்.

"ஏதாவது சொல்லுங்களேன்."

"இரு, இரு. இந்த மூலையில ஒரு கட்டம் கோணலா இருக்கே."

"ம்."

"மத்ததெல்லாம் நேரா நிக்குது. இந்த நீலக் கட்டம் மட்டும் இழுத்துக்கிட்டு நிக்குது."

"ம். மொத்தத்துல?"

"பரவால்ல."

வேறொரு வீடாக இருந்திருந்தால் அந்தச் சொல்லைச் சொன்னாலும் பரவாயில்லை. பாதிப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போயிருப்பார்கள். என் மனைவிக்கு அந்தக் கூடையைத் தெரியும். அதில் வந்த கோப்பையைத் தினமும் கழுவுகிறவள் அவள்.

போர்வையை மடித்தாள். நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். கோபப்படவில்லை. அவள் கோபப்பட்டால் எனக்குப் பயமில்லை, அப்போது பாத்திரங்கள் எனக்குச் சேதி சொல்லும். அன்றைக்குச் சமையலறையில் ஒரு கரண்டிகூடச் சத்தம் போடவில்லை.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். எங்கள் குடியிருப்பின் அறுவடை விழாவுக்கு அவர்தான் செயலாளர்.

"சார், உங்க வீட்டம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசு! இந்த வருஷக் குலுக்கலுக்கு முதல் பரிசு உங்க வீட்டுலேருந்துதான்."

"அப்படியா? என்ன பரிசு?"

"போர்வைங்க. கையால தச்சது."

நான் உள்ளே ஓடினேன்.

"ஏம்மா, போர்வையைக் குலுக்கலுக்குக் குடுத்துட்டியாமே!"

"ஆமாங்க."

"ஏன்?"

"நம்ம வீட்டுலதான் பரவால்ல நிறைய இருக்கே. வெக்க இடமில்ல."

 சாய்ந்த கோப்பையில் எதையோ ஊற்றிக் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் மச்சினி தொலைபேசியில் அழைத்தாள். என் மனைவியின் தங்கை. பேச ஆரம்பித்தால் நடுவில் மூச்சு விடமாட்டாள்.

"மாமா, உங்களுக்கு அறிவிருக்கா?"

"பர..." என்று ஆரம்பித்து அடக்கிக்கொண்டேன்.

"அந்தப் போர்வையை யாருக்குத் தச்சா தெரியுமா? உங்களுக்கு! கடையில வாங்கற போர்வை உங்க உசரத்துக்குப் பத்தாம, கால் வெளிய நீட்டிக்கிட்டுக் கிடக்குதாம். குளிர் குளிர்னு வருஷா வருஷம் புலம்பறீங்களாம். நீங்க படுத்துத் தூங்கறப்போ நூலை வெச்சுத் தலையிலேருந்து கால் வரைக்கும் அளந்திருக்கா. நீங்க குறட்டை விட்டுக்கிட்டே நகர்ந்தீங்களாம். மறுபடி மறுபடி அளந்தாளாம்."

"எனக்குத் தெரியாதேம்மா."

"எதுதான் தெரியும் உங்களுக்கு? கோணல் கட்டம்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சீங்களே, அது என்ன தெரியுமா? உங்க பழைய நீலச் சட்டையோட பாக்கெட். கல்யாணமான புதுசுல அக்கா காய்ச்சல்ல படுத்திருந்தப்போ, அவளை எழுப்ப வேணாம்னு கிழிஞ்ச பாக்கெட்டை நீங்களே தச்சுப் போட்டுக்கிட்டீங்களாமே. அந்தத் தையலைப் பிரிக்க மனசில்லாம, அப்படியே வெட்டி எடுத்து மூலையில வெச்சிருக்கா. கோணல் அவளுது இல்ல மாமா. உங்களுது!"

வைத்துவிட்டாள். என் கையில் ஒரு தட்டு இருந்தது. அதை எந்தக் கூடையில் போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. அந்தக் காலத்தில் நான் பாக்கெட்டைத்தான் தைத்தேன். இத்தனை வருஷம் கழித்து அந்தத் தையல் என்னைத் தைத்துவிட்டது. எனக்கு அந்தப் போர்வை வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். குளிருக்காக இல்லை. அவள் நூல் பிடித்து என்னை அளந்தாள் என்று மச்சினி சொன்னாளே, அதற்காக.

சரி, வீட்டுக்குப் போனதும் "தப்புப் பண்ணிட்டேன், எனக்கு அது வேணும்" என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். மனசு வந்தது. வாய் வரவில்லை. அதனால் முதலில் கொஞ்சம் நூல் விட்டுப் பார்த்தேன்.

"ஏம்மா, இந்த வருஷம் குளிர் அதிகமா இருக்கும்போல."

"இருக்கும்."

"கால் இப்பவே சில்லுனு இருக்கு."

"காலுறை போட்டுக்குங்க."

"இந்தப் போர்வை..."

"எந்தப் போர்வை?"

"இல்ல, பொதுவாச் சொன்னேன். போர்வைன்னு ஒண்ணு."

"போர்வைன்னு ஒண்ணு இருந்துச்சு." கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"இல்லியே."

"நிஜமா?"

"நிஜமா ஒண்ணுமில்ல."

"சரி."

 கதவை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள் அவள். நான் என்னடாவென்றால் ஜன்னலை உடைத்து உள்ளே குதிக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

திட்டம் இதுதான். குலுக்கலில் நானே ஜெயிப்பது. போர்வையை மேடையில் கம்பீரமாக வாங்கிக்கொண்டு, "விதியே உன் போர்வையை எங்கிட்டக் குடுத்துடுச்சு பாத்தியா" என்று நிற்பது. மன்னிப்பும் கேட்க வேண்டாம், மானமும் போகாது. பல் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். பெட்டியிலிருந்து சீட்டு எடுப்பது அவர்தான்.

"டாக்டர், ஒரு உதவி."

"எந்தப் பல்லு?"

"பல்லில்லைங்க, சீட்டு. குலுக்கல்ல எனக்கே விழணும். என் சீட்டுக்கு மட்டும் கஞ்சி போட்டு விறைப்பாக்கிடறேன். கையை விட்டதுமே தட்டுப்படும். அதைப் பிடுங்கிடுங்க."

"என்னங்க நீங்க! நான் சொத்தையைப் பிடுங்கறவன். நீங்க என்னையே சொத்தைக் காரியம் பண்ணச் சொல்றீங்களே."

"என் குடும்ப விஷயங்க." நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு மோவாயைத் தடவினார்.

"எனக்கும் ஒரு சந்தேகம். என் மனைவி இப்படி ஏதாவது கொண்டுவந்து காட்டினா என்ன சொல்லணும்?"

"பிரமாதம்னு சொல்லணும்."

"பாக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடியே சொல்லிடுங்க. அதுதான் பத்திரம்."

இந்த யோசனைக்குக் கைம்மாறாக ஒப்புக்கொண்டார்.

மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கஞ்சி காய்ச்சினேன். காசு கொடுத்து வாங்கிய குலுக்கல் சீட்டை அதில் முக்கி, காயவைத்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, என் பேரை எழுதி மடித்தேன். புதுக் காலர் மாதிரி நிமிர்ந்து நின்றது. திரும்பி வந்தவள் வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள்.

"என்னங்க, வீடெல்லாம் கஞ்சி வாசனை?"

"சட்டைக்குக் கஞ்சி போட்டேன்."

"நீங்களா?"

"ஏன், நான் போடக்கூடாதா?"

என் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "தொளதொளன்னு இருக்கே."

"இது இல்ல. வேற சட்டை. இன்னும் காயல."

சிரித்தாள். தட்டையும் கோப்பையையும் சுண்டிச் சுண்டிப் பார்க்கிறவன், அந்தச் சிரிப்பைச் சுண்டிப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

விழா நாள் வந்தது. தானியக் கிடங்குக்கு முன்னால் இருக்கிற மைதானத்தில் மேடை. சோளக்கதிர்த் தோரணம், ஆள் உயரத்துக்குப் பூசணிக்காய்க் குவியல். பெட்டியில் சீட்டைப் போட வேண்டும் என்பதால் மத்தியானமே வந்துவிட்டேன். மனைவி, "நீங்க முன்னால போங்க, எனக்கு ஒரு வேலை இருக்கு" என்று பின்தங்கிவிட்டாள். மேடைக்கு மேலே கயிற்றில் போர்வை தொங்கியது. அதைத் தூரத்திலிருந்து அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகு. காற்றடிக்கும்போதெல்லாம் மூலையில் அந்த நீலப் பாக்கெட் என்னைப் பார்த்துக் கையாட்டியது. 

சாயங்காலம் விழாத் தலைவரம்மா மைக்கைப் பிடித்தார். "இந்த அருமையான பரிசைக் குடுத்தவங்களே முதல் சீட்டையும் எடுக்கட்டும்!"

சீட்டை எடுக்க வேண்டியவர் டாக்டராயிற்றே! டாக்டர், பிடுங்காமலே வலி போனவர் மாதிரி, நிம்மதியாகப் போய் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி மேடையேறினாள். பெட்டிக்குள் கையை விட்டாள். துழாவினாள். கை நின்றது. தொட்டுப் பார்த்தே இது எத்தனை தடவை துவைத்த துணி என்று சொல்கிறவள் அவள். அவள் விரலுக்குக் கஞ்சி தெரியாதா? நிமிர்ந்து, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நேராக என்னைப் பார்த்தாள். நான் உடனே குனிந்து ஒரு பூசணிக்காயின் தரத்தைச் சோதிக்க ஆரம்பித்தேன்.

சீட்டை எடுத்தாள். பிரித்தபோது மைக்கில் 'படக்'கென்று சத்தம் கேட்டது.

"என் வீட்டுக்காரர்" என்றாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. என்னை மேடைக்குத் தள்ளினார்கள். தலைவரம்மா, "வீட்டுப் போர்வை வீட்டுக்கே போகுதே! சார், இது உங்களுக்கு வேணுமா, இல்ல ஊருக்கு விட்டுத் தர்றீங்களா? நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

மனைவி மைக்கை என் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஒரே வார்த்தை. சொல்லிடுங்க" என்றாள். 

வேணும். மூன்றே எழுத்து. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் இந்த மைக் இருக்கிறதே, அது பொல்லாத சாமான். நம் குரல் நமக்கே பெரிய மனுஷன் குரலாகக் கேட்கும்.

"பெரியோர்களே! தாய்மார்களே! இது போர்வையா? இல்லை. இது ஓவியம்!"

கைதட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல்.

"இதைப் போர்த்திக்கிட்டுத் தூங்கறவன் மனுஷனா? இது கண்ணாடிக்குள்ள வெச்சுப் பாக்க வேண்டிய பொருள்!"

யாரோ விசிலடித்தார்கள்.

"மூலையில ஒரு கட்டம் கோணலா இருக்கு பாருங்க. அதுதான் இதோட உசுரு! அந்தக் கோணலை நேராக்காம வெச்ச கைக்குத் தங்கக் காப்புப் போடணும்!"

மனைவியின் கண் கலங்கியது. நான் பார்த்தேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "எனக்கு வேணும்" என்று முடித்துக்கொண்டு, போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். நிறுத்தத் தெரிந்தவனாக இருந்தால் இந்தக் கதையை ஏன் எழுதிக்கொண்டிருக்கிறேன்?

"இப்பேர்ப்பட்ட பொக்கிஷத்துக்கு" என்று கையை வானத்துக்கு உயர்த்தினேன், "நான் தகுதியானவனே இல்ல!"

மைதானம் அதிர்ந்தது. பூசணிக்காய் ஒன்று உருண்டது. மனைவி கைதட்டல் அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள்.

"முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சிட்டேன்."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லையே?"

"இல்லையே. ஏன், நல்லாப் பேசலையா?"

மைக்கை வாங்கிக்கொண்டாள். "எல்லாரும் கேட்டீங்க. தகுதி இல்லைன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. இன்னொரு சீட்டு எடுக்கறேன்."

என் சீட்டு கிழிந்தது. நிஜமாகவே இரண்டாகக் கிழித்துப் போட்டாள். அடுத்த சீட்டு பல் டாக்டருக்கு விழுந்தது.

மேடையிலிருந்து இறங்கி அவர் பின்னாலேயே ஓடினேன். போர்வையும் கையுமாக வண்டிப் பக்கம் போய்விட்டிருந்தார்.

"டாக்டர், விளையாட்டெல்லாம் போதும். அதைக் குடுங்க."

"எப்படிங்க குடுக்கறது? இப்பதான் அப்படிப் பேசினீங்க. என் மனைவி அழுதே அழுதுட்டா. போர்த்தறதுக்கு மனசே வரலைங்கறா. கிளினிக்ல கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப் போறோம்."

"நான் சும்மா ஒரு வேகத்துல பேசினேங்க!"

"அடக்கம் உங்களுக்கு." என் தோளைத் தட்டினார். "ஆமா, நீங்க சொன்னது நல்லா வேலை செய்யுது. அவ 'எப்படி இருக்கு'ன்னு எங்கிட்டக் கேட்டா. திரும்பிப் பாக்கறதுக்கு முன்னாடியே பிரமாதம்னுட்டேன்."

வண்டி கிளம்பிவிட்டது. மைதானத்தில் இன்னும் குலுக்கல் நடந்துகொண்டிருந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தனியாக நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஊரே கைதட்டிய மனுஷனுக்கு வழியில் ஒரு நாய்கூட வாலாட்டவில்லை.

உள்ளே வந்து விளக்கைப் போட்டேன். உட்கார்ந்து மனசார வருத்தப்படலாம் என்று ஜன்னலோரம் போனால், அங்கே என் சாய்வு நாற்காலி இல்லை. அது நின்ற இடத்தில் நாலு கால் தடமும் கொஞ்சம் தூசியும்தான் இருந்தன. திருடன் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். போயும் போயும் அதையா திருடுவான் என்றும் நினைத்தேன். அதற்குள் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. மைக் செட்காரரும் இன்னொருவரும் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பின்னால் என் மனைவி.

"அங்கதான், ஜன்னல் பக்கமா வைங்க. ரொம்ப நன்றி அண்ணே."

அவர்கள் போனதும் நாற்காலியில் உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்தாள். காலை நீட்டினாள்.

"இது எங்க போயிட்டு வருது?" என்றேன்.

"விழாவுக்கு."

"அங்க அதுக்கு என்ன வேலை?"

"நீங்க மேடையில போர்வை வேணும்னு கேட்டா, முதல் பரிசு நம்ம வீட்டுக்கே திரும்பி வந்துடுமில்ல. ஊருக்கு ஈடா ஏதாவது குடுக்க வேணாமா? எப்படியும் கேட்டுடுவீங்கன்னு நம்பி, நீங்க கிளம்பினதும் இதை அனுப்பி வெச்சேன். தலைவரம்மாகிட்டயும் சொல்லிட்டேன். நீங்க கேக்கல. இது ரெண்டாம் பரிசாப் போயிடுச்சு."

நம்பி என்றாள். அந்த ஒரு சொல் போதாதா? 

"யாருக்கு விழுந்துச்சு?"

"மைக் செட்காரருக்கு."

"அப்புறம் எப்படி இங்க வந்துச்சு?"

"அண்ணே, இந்த நாற்காலி எனக்கு வேணும்னு கேட்டேன். எடுத்துக்கம்மான்னு குடுத்துட்டார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இனிமே இது என்னுது."

அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். மைக் இல்லை. கைதட்ட ஆள் இல்லை. 

"தப்புப் பண்ணிட்டேன்மா. அந்தப் போர்வை எனக்கு வேணும். அன்னிக்கே வேணும்னு இருந்துச்சு, சொல்லத் தெரியல. நீ தச்சதெல்லாம் எனக்கு வேணும். இந்த நாற்காலியும்... எல்லாமே எனக்கு வேணும்."

சொல்லிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாய்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள்.

"சீட்டு வாங்கியிருக்கீங்களா?" என்றாள்.